பிங்கி எழுதிய பெயர்கள்

போன மாதம் திருச்சி புத்தூரில் ஒரு கல்யாணத்தில் உங்களில் சிலர் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். தேர்வு எழுதி நேரடியாக வட்டாரக் கல்வி அலுவலராக வந்த பிள்ளைகள். கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு ஒரு தம்பி கேட்டார்: "மேடம், டிரெய்னிங்ல ஒரு ஸ்லைடு போட்டாங்க. குழந்தையோட வீட்டுமொழிக்கு வகுப்பறையில இடம் தரணும்னு. அதை ஸ்கூல்ல எப்படி மேடம் நடைமுறைப்படுத்துறது?"

"ஸ்லைடு போட்டவரையே கேளுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ் ஏறி எடமலைப்பட்டி புதூரில் இறங்கும்வரை ஆத்திரம் அடங்கவில்லை. கேட்டவர் மேல் இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைக் கை ஈரத்தோடு நின்று சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. டீச்சராக இருந்து, உங்கள் நாற்காலிக்கே வந்து, ஓய்வுபெறும்வரை ஆய்வறிக்கை எழுதிய கை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்விக் கொள்கை என்றால் டெல்லியில் அச்சடித்து வரும் தடித்த புத்தகம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் பார்த்தவரை கொள்கை பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்டாகத்தான் வரும். நான் டீச்சராகச் சேர்ந்தபோது வகுப்பறைச் சுவரில் தலைவர்கள் படம். பிறகு ஒரு திட்டம் வந்தது. பெஞ்சைத் தூக்கு, பாயை விரி, பிள்ளைகள் வட்டமாக உட்காரட்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை அடித்தோம். கீழ்மட்டக் கரும்பலகை என்று அதற்குப் பெயர். அடுத்த திட்டம் வந்தது. சுவரே பாடம் நடத்த வேண்டும் என்றார்கள். அந்தக் கறுப்புப் பட்டையின் மேலேயே மயில், மான், வாய்ப்பாடு என்று வண்ணம் தீட்டினோம். அதற்கடுத்து திரை வந்தது. திரை மாட்டுவதற்காக மயிலின் கழுத்தில் ஆணி அடித்தோம்.

ஒவ்வொரு தடவையும் பயிற்சி உண்டு. டீ, பிஸ்கட், பேட்ஜ். ஒவ்வொரு தடவையும் கருத்தாளர் மைக்கைப் பிடித்ததும் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "பழசையெல்லாம் மறந்துடுங்க." நாங்களும் மறந்தோம். எதை மறக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை. ஒன்று மட்டும் எந்தக் கொள்கையிலும் மாறவில்லை. அதிகாரி உள்ளே நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் கத்த வேண்டும். வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன வழக்கம். அவன் போய் எவ்வளவு காலம் ஆயிற்று, இன்னும் கத்துகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. பெயர் வேண்டாம். பூக்கட்டுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கோபுர வாசலில் கடை போடுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளி. மூன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர். தன் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். டீச்சர் என்றே சொல்கிறேன். துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பயிற்சிகளில் கடைசி வரிசையில் உட்காருவார். வாயே திறக்க மாட்டார். நான் அவரைச் சுமாரான டீச்சர் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த டீச்சர் தன் வகுப்பில் கறுப்புப் பட்டையை அழிக்க விடவில்லை. ஓவியர் ஒட்டகச்சிவிங்கி வரைய வந்தபோது, "ஒட்டகச்சிவிங்கி மேலேயே நிக்கட்டும் அண்ணே. கீழ பிள்ளைங்க இடம்" என்று சொல்லியிருக்கிறார். அதனால் அந்த ஒட்டகச்சிவிங்கிக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஆய்வுக்குப் போனபோது நானே சிரித்திருக்கிறேன். அந்தப் பட்டையில் கோடு போட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் கொடுத்திருந்தார். அந்தக் கட்டத்தில் பிள்ளை என்ன வேண்டுமானாலும் எழுதலாம், வரையலாம். டீச்சர் திருத்த மாட்டார். திருத்துவதற்கு நோட்டு இருக்கிறது என்பார்.

ஒரு வருஷம் நடுவில் பிங்கி வந்து சேர்ந்தாள். அப்பாவும் அம்மாவும் பீகாரிலிருந்து வந்தவர்கள். திருவானைக்காவல் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அப்பாவுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. பிங்கிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஊரில் இரண்டாம் வகுப்புவரை போயிருக்கிறாள். அவளுடைய எழுத்து அவளுக்குத் தெரியும். டீச்சர் அவளுக்கும் ஒரு கட்டம் கொடுத்து, கையில் சாக்பீஸைக் கொடுத்தார்.

அவள் ஒன்று எழுதினாள். டீச்சருக்குப் படிக்கத் தெரியவில்லை. "என்ன இது?" என்று கையாட்டிக் கேட்டார். பிங்கி தன் இடுப்பளவுக்குக் கையை வைத்துக் காட்டினாள். ஊரில் விட்டுவிட்டு வந்த தம்பியின் பெயர் என்று பிறகு அவள் அப்பாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தினமும் காலையில் வந்ததும் முதலில் தம்பி பெயரை எழுதுவாள். அப்புறம்தான் பையை இறக்கி வைப்பாள்.

பக்கத்துக் கட்டத்துப் பெண் யாழினி. ஆட்டோக்காரர் மகள். வாயாடி. "ஏய், எனக்கு எழுது, எனக்கு எழுது" என்று நச்சரித்திருக்கிறாள். பிங்கி எழுதிக் கொடுத்தாள். ஆனால் 'ழ' அவள் வாயில் வரவில்லை. டீச்சர் நாக்கை மடித்துக் காட்ட, யாழினி மடித்துக் காட்ட, பிங்கி முயன்று பார்க்க, மூன்று பேரும் சிரித்து உருண்டார்களாம். அதற்குப் பிறகு வகுப்பே வரிசையில் நின்றது. எனக்கு எழுது, எனக்கு எழுது. பிங்கி எல்லாருடைய பெயரையும் அவரவர் கட்டத்தில் எழுதினாள். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பக்கத்தில் எழுதிப் பழகினார்கள். பதிலுக்கு அவர்கள் பிங்கிக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். வாய் திறக்காத பிள்ளை அந்த வாரத்தில்தான் பேச ஆரம்பித்தது. முதல் தமிழ் வார்த்தை என்ன தெரியுமா? "தள்ளு." அடுத்தவன் கட்டத்துக்குப் போக வழி வேண்டுமே.

யாரும் உத்தரவு போடவில்லை. பயிற்சி இல்லை, பிஸ்கட் இல்லை.

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அதுதான் என் குறை. டீச்சர் சொல்லித்தான் தெரியும். அந்தப் பெயர்களோடு அந்தச் சுவரை ஒரே ஒரு தடவை நான் நேரில் பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் வெளியே மும்மொழிச் சண்டை கொதித்துக்கொண்டிருந்தது. டெல்லியில் ஒன்று சொன்னார்கள், சென்னையில் முடியாது என்றார்கள். என் நிலை என்ன என்று கேட்டால் மறைக்க ஒன்றுமில்லை. எந்த மொழியையும் பிள்ளை தலையில் திணிக்கக் கூடாது. கருத்துக் கேட்புக் கூட்டத்திலேயே எழுந்து சொன்னவள் நான்.

யாழினியின் அப்பா ஒருநாள் மகளைக் கூப்பிட வந்தபோது அவளுடைய கட்டத்தைப் போட்டோ எடுத்தார். சுவர் முழுக்க விழும்படி எடுத்தார். "என் பொண்ணு பேரு இந்தியில! கவர்மென்ட் ஸ்கூல்னா சும்மாவா?" என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். பெருமையில் செய்த வேலை. அவரை நான் திட்டவில்லை. ஆனால் மறுநாள் காலைக்குள் அந்தப் போட்டோ ஊரைச் சுற்றிவிட்டது. கீழே வாசகம் மாறியிருந்தது: அரசுப் பள்ளியில் ரகசியமாக இந்தி, புதுக் கொள்கை பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது.

எனக்குப் போன் வந்தது. மேலே இருந்த ஓர் அதிகாரி.

"மேடம், போட்டோ பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் வேணும். டீச்சர் தன்னிச்சையா செஞ்சாங்கன்னு எழுதிடுங்க. சஸ்பெண்ட் பண்ணிட்டா விஷயம் அடங்கிரும்."

"விசாரிச்சுட்டு எழுதுறேன் சார்."

"விசாரிக்க என்ன இருக்கு? அதான் சுவர்லயே இருக்கே."

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளி வாசலில் ஒரு கூட்டம். தலைமையாசிரியர் கேட்டை உள்ளே பூட்டிக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். ஓய்வுபெறும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எல்லா மனிதருக்கும் முதுகெலும்பு கொஞ்சம் இளகும். என்னைப் பார்த்ததும் கேட்டைத் திறந்து, ஒரு நற்செய்தி சொல்வதுபோல் சொன்னார்: "மேடம், பயப்படாதீங்க. கரும்பலகை பெயிண்ட் வாங்கி ரெண்டு கோட்டிங் அடிச்சுட்டேன். ஒரு எழுத்து தெரியாது."

வகுப்புக்குள் போனேன். பெயிண்ட் வாசம் மூக்கை அடைத்தது. பட்டை பளபளவென்று ஈரமாக இருந்தது. கட்டங்கள் இல்லை. பிள்ளைகள் எதிர்ச் சுவர் ஓரமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்து எழுந்து ஒரே குரலில் கத்தினார்கள். நெற்றியில் எண்ணெய் வழிய, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் மட்டும் கொஞ்சம் தாமதமாக எழுந்து, உதட்டை மட்டும் அசைத்தாள். அவள்தான் என்று சொல்லாமலே தெரிந்தது.

டீச்சரிடம் கேட்டேன். "என்னம்மா நடந்துச்சு?"

"பேரு எழுதி விளையாடுனாங்க மேடம்."

"அதை ஏன் நிறுத்தலை?"

"எதுக்கு நிறுத்தணும்?"

அவ்வளவுதான். அழவில்லை, கும்பிடவில்லை. எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகப் பயிற்சியில் வாய் திறக்காத பெண்ணை நான் சுமாரான டீச்சர் என்று நினைத்திருந்தேனே.

உங்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன். இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். மேலே இருந்து போன், கீழே கூட்டம், நடுவில் நீங்கள். அப்போது எல்லாரும் உங்களிடம் ஒரு வாக்கியம் கேட்பார்கள். யார் தப்பு என்ற வாக்கியம். அதை அவசரத்தில் கொடுக்காதீர்கள். நான் பொய் எழுதவில்லை, வீரமாகவும் எழுதவில்லை. "வெளிமாநிலத்திலிருந்து வந்த ஒரு மாணவி தனக்குத் தெரிந்த எழுத்தில் சக மாணவர்களின் பெயர்களை எழுதினாள். பாடம் நடத்தப்படவில்லை. ஆசிரியர் மீது நடவடிக்கைக்கு முகாந்திரம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதிகாரி போனில் கத்தினார். "அப்ப உங்களைத்தான் மேடம் நான் கேக்க வேண்டியிருக்கும்." கேளுங்கள் என்றேன். இந்த வேலையில் யாராவது ஒருவர் கேள்விக்கு உள்ளாக வேண்டும் என்றால் அது சம்பளம் அதிகம் வாங்குகிறவராக இருக்கட்டும்.

வாசலுக்குப் போனேன். கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் அறுபது வயதுக்காரர். கரகரத்த குரல்.

"என்னம்மா, அழிச்சுட்டா ஆச்சா? யாரைக் கேட்டு இந்தி சொல்லிக்குடுத்தாங்க?"

"யாரும் சொல்லிக்குடுக்கலைங்க. ஒரு பிள்ளைக்கு அதுதான் தெரியும். மத்த பிள்ளைங்க பேரை எழுதியிருக்கு."

"இப்படித்தாம்மா ஆரம்பிக்கும். எங்கப்பா இதுக்காக ஜெயிலுக்குப் போனவரு. எனக்குக் கதை சொல்லாதீங்க."

அவர் சொன்னது பொய் இல்லை. நான் அவரை மதிக்கிறேன். "ஐயா, உங்கப்பா எதுக்காகப் போனாரு? நம்ம பிள்ளை மேல அடுத்தவன் மொழியை ஏத்தக் கூடாதுன்னுதானே? உள்ள ஒரு பிள்ளை இருக்கு. அது மேல நாம ஏத்தாம இருக்கணும்ல?" என்றேன். அவர், "சுவர்ல எழுத்து இருந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். இருந்தது என்றேன். பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கலைந்து போனார்கள்.

விஷயம் அதோடு முடியவில்லை. மறுநாள் இன்னொரு கூட்டம் வந்தது. இவர்கள் எதிர்ப்பக்கம். கையில் சால்வை, மாலை, போட்டோ எடுக்க ஒரு ஆள். துணிச்சலாக இந்தி கற்றுக்கொடுத்த ஆசிரியைக்குப் பாராட்டாம்.

டீச்சர் வராந்தாவில் நின்று சொன்னார்: "எனக்கு இந்தில அ, ஆ கூடத் தெரியாதுங்க."

"பரவாயில்லம்மா, ஆர்வம் இருக்கே."

"ஆர்வமும் இல்லைங்க."

"சும்மா ஒரு போட்டோம்மா."

"பக்கத்து வகுப்புல டீச்சர் லீவு. ரெண்டு வகுப்பையும் நான்தான் பாக்கணும். வழிய விடுங்க."

சால்வையோடு திரும்பிப் போனார்கள். தலைமையாசிரியர் மட்டும் அந்த மாலையை வாங்கித் தலைவர் படத்துக்குப் போட்டார். வீணாக்கக் கூடாது அல்லவா.

முதல் நாள் அடிக்க வந்தவர்களும் சரி, மறுநாள் பாராட்ட வந்தவர்களும் சரி, ஒருவர்கூட 'அந்தப் பிள்ளை எங்கே?' என்று கேட்கவில்லை. சால்வை வந்த அன்றைக்குப் பிங்கி பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

பிள்ளைகளிடம் விசாரித்தார் டீச்சர். யாரோ ஒரு பையன், "எல்லாம் உன்னாலதான், எங்க கட்டமெல்லாம் போச்சு" என்று சொல்லியிருக்கிறான். யாழினி அவனை அடித்திருக்கிறாள். பிங்கிக்கு அதற்குள் அவ்வளவு தமிழ் புரிய ஆரம்பித்திருந்தது. அதுதான் கொடுமை.

சாயங்காலம் டீச்சர் ஸ்கூட்டியில் நான் பின்னால் உட்கார்ந்து திருவானைக்காவல் பக்கம் போனோம். கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை வரிசை. சிமெண்ட் மூட்டை அடுக்குக்குப் பக்கத்தில் பிங்கியின் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றார். அப்பா கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார். நாற்காலி இல்லை. ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து, துண்டால் துடைத்து, என்னை உட்காரச் சொன்னார். இரண்டு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறவர். தமிழ் பேசுவார்.

"மேடம், போட்டோ நான் பாத்தேன். மேஸ்திரி காட்டுனார். எங்களால பிராப்ளம் வேணாம் மேடம். நாங்க வேலைக்கு வந்தோம். பாப்பா இங்கயே இருக்கட்டும்."

"பிராப்ளம் முடிஞ்சிருச்சுங்க. பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல."

"டீச்சருக்கு வேலை போகும்னு மேஸ்திரி சொன்னார்."

"போகல. இதோ நிக்கிறாங்க பாருங்க."

அவர் டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "மேடம், எல்லாரும் இந்தி இந்தின்னு சண்டை போடுறாங்க. எங்க வீட்டுல இந்தி பேச்சு இல்ல மேடம். நாங்க பேசுறது மைதிலி. இந்தி பாப்பா ஸ்கூல்ல படிச்சது. பாப்பாவுக்கும் அது கஷ்டம்தான்."

தாய்மொழி என்று டெல்லி சொல்கிறது. தாய்மொழி என்று நாமும் சொல்கிறோம். அடுப்புப் பக்கத்தில் முக்காட்டோடு நிற்கிற இந்தத் தாயின் மொழி யார் கணக்கில் இருக்கிறது? கொள்கை எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. இவ்வளவு பெரிய நாட்டை ஒரே பார்வையில் பார்க்க உயரத்தில் போய் நிற்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் மாநிலம் தெரியும், மொழி தெரியும், விழுக்காடு தெரியும். டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தால்தான் தெரியும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் உங்களுக்கும் எனக்கும் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பிங்கி தகரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். நான் அவளுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். டீச்சர் ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. தகரத்தைப் பார்த்து, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "பிங்கி, இந்த வாரம் பாய் விரிக்கிறது யாரு முறை?"

டீச்சரே பதிலும் சொன்னார்.

"உன் முறை. ரெண்டு நாளா நான் விரிக்கிறேன். எனக்கு இடுப்பு வலிக்குது. நீ வரலைன்னா யாரு விரிக்கிறது?"

தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தலை மட்டும் எட்டிப் பார்த்தது. அப்பா ஏதோ அவர்கள் மொழியில் சொன்னார். டீச்சர் வேறொன்றும் பேசவில்லை. "வரோம்ங்க" என்று ஸ்கூட்டியைக் கிளப்பினார். எனக்கு நம்பிக்கை இல்லை. வழியில் கேட்டேன், "வருமா?" என்று. "முறைன்னா வருவா மேடம். தன் முறையை விட்டுக்கொடுக்க மாட்டா" என்றார்.

மறுநாள் வந்தாள். பாய் விரித்தாள்.

இங்கே கதையை நிறுத்தினால் எனக்கு நல்ல பெயர். டீச்சர் வேலை பிழைத்தது, பிள்ளை பள்ளிக்குத் திரும்பியது, என்னிடம் விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கும் பதில் கொடுத்து முடித்தேன். ஓய்வுபெறும் விழாவில் ஒருவர் இதை என் சாதனையாகக்கூடச் சொன்னார். நான் மேடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெயிண்ட் காய்ந்த பிறகு டீச்சர் மறுபடியும் கோடு போட்டுக் கட்டங்கள் பிரித்தார். பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள். வீடு, பூ, ஆட்டோ, கோபுரம். பிங்கியும் எழுதினாள். பிங்கி என்று தமிழில் எழுதினாள். அம்மா, அப்பா, ஆடு, இலை. மணி மணியான எழுத்து. தலைமையாசிரியர் வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். "பாருங்க, வந்து ஆறு மாசம்கூட ஆகலை. நம்ம பிள்ளைங்களைவிட நல்லா எழுதுது." எல்லாரும் கை தட்டுவார்கள். தம்பி பெயர் அந்தக் கட்டத்தில் அதற்குப் பிறகு வரவே இல்லை.

டீச்சர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். "உன் எழுத்துல எழுது பிங்கி. ஒண்ணும் பயமில்ல." தலையாட்டிவிட்டுப் போய்த் தமிழில் எழுதுவாள். யாழினி ஒருநாள் தன் பெயரை அந்த எழுத்தில் எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். பிங்கி சாக்பீஸை அவள் கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

என் ஆதங்கம் இதுதான். இவ்வளவு பெரிய நாட்டுக்கு, இத்தனை மொழிக்கு நடுவில், ஒரு கல்விக் கொள்கை எப்படி வந்திருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், அந்த வாரத்துச் சுவர் மாதிரி வந்திருக்க வேண்டும் என்பேன். எனக்கு உன் எழுத்தில் எழுது என்று ஒரு பிள்ளை கேட்டு, இன்னொரு பிள்ளை எழுதிக் கொடுத்து, வாயில் வராத எழுத்துக்காகச் சேர்ந்து சிரித்து வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் வந்தும் இருந்தது. நம் ஸ்ரீரங்கத்தில், கால் இல்லாத ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே. அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்பறைக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் என் கண் முதலில் சுவரின் கீழ்ப்பக்கம்தான் போகும். மேலே மயில் ஆடும், திரை ஓடும். கீழே ஒன்றும் இருக்காது.

கட்டட வேலை முடிகிற சமயம் நான் கடைசியாக அந்தப் பள்ளிக்கு ஆய்வுக்குப் போனேன். அடுத்த வாரம் அவர்கள் குடும்பம் கோயம்புத்தூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போவதாக டீச்சர் சொன்னார். மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் குழாயடியில் நின்றார்கள். பிங்கி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அதிகாரி மாதிரி இல்லாமல் கேட்க வேண்டும் என்று குனிந்தே கேட்டேன்.

"பிங்கி, என் பேரை உன் எழுத்துல எழுதித் தரியா? எனக்கு ஆசையா இருக்கு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கைப்பையைப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு, திருச்சியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையைப் போல, சுத்தமாகச் சொன்னாள்:

"எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சுங்க மேடம். தமிழ்தான் தெரியும்."

தட்டை உதறிவிட்டு வகுப்புக்குள் ஓடினாள். பொய்தான் சொன்னாள். அவளைத் தப்பாகச் சொல்ல மாட்டேன். அதிகாரி வந்து கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம். நாம் எல்லாரும் சேர்ந்து நடத்தியது. ஒரே தடவை நடத்தினோம், நன்றாகப் புரிந்துவிட்டது.